ஒரே கம்பிக்கு நாலு கூலி

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கொழும்பு புராசஸ் நாடுகளின் தொழிலாளர் துறை அமைச்சர்களுக்கும் செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களே, அதிகாரிகளே,

வணக்கம். நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். வளைகுடா நாடு ஒன்றில், கட்டுமானக் கம்பெனியில், பதினொரு வருஷம் டைம்கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் கம்பெனியை நாலு வார்த்தை திட்டிவிட்டு நீங்கள் அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவீர்கள். நான் பேச வந்தது உங்களைப் பற்றி.

டைம்கீப்பர் வேலை என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. விடியற்காலை நாலரை மணிக்குக் கேம்ப் வாசலில் நின்று பஸ் ஏறுகிறவர்களை எண்ண வேண்டும். சைட்டில் காலையும் மதியமும் தலை எண்ண வேண்டும். மாதக் கடைசியில் டைம்ஷீட்டைக் கூட்டி, ஓவர்டைம் சேர்த்து, சாப்பாட்டுக் காசு கழித்து, சம்பளப் பட்டியல் போட வேண்டும். ஃபோர்மேனுக்குக் கூடத் தெரியாத ஒன்று டைம்கீப்பருக்குத் தெரியும்: யாருக்கு எவ்வளவு.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு சம்பள நாள். என் போர்ட்டா கேபின் ஜன்னலில் வந்து நின்றவர் நேபாளத்தின் சிராஹா மாவட்டத்துக்காரர், கம்பி கட்டுபவர். கையில் இரண்டு சம்பளச் சீட்டு. ஒன்று அவருடையது, இன்னொன்று அவரோடு ஒரே ஸ்லாபில் குனிந்து வேலை பார்த்த பீகார்க்காரருடையது. அந்த மாதம் இரண்டு பேருக்கும் வேலை நாள் 26. ஓவர்டைம் 52 மணி, அதுவும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் கடைசியில் இருக்கும் தொகை வேறு. ‘பாய், கூட்டலில் எங்கேயோ தப்பு இருக்கு, பாருங்க’ என்றார். (கேம்பில் எல்லோருக்கும் எல்லோரும் பாய்தான். இந்தியில்தான் பேசிக்கொள்வோம். நான் ஊரில் இருந்தவரை ஒரு வார்த்தை இந்தி தெரியாதவன். கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் நேபாளிகள்.)

கூட்டலில் தப்பில்லை. அடிப்படைச் சம்பளமே வேறு. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் கம்பி கட்டுபவருக்கு இந்தியர் என்றால் 1,100 ரியால், பாகிஸ்தானி என்றால் 1,000, நேபாளி என்றால் 900, வங்காளி (வங்கதேசத்துக்காரர்) என்றால் 750. அவருக்கு இதைச் சொன்னேன். சற்று நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: ‘அவன் போடுற முடிச்சு என் முடிச்சைவிட இறுகுமா?’

பதில் சொல்லத் தெரியாமல் ஹெட் ஆபீஸில் சம்பளப் பிரிவில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒரு கட்டத்தில் வேலை, அடுத்த கட்டத்தில் நாடு, அதற்கடுத்த கட்டத்துக்குத் தலைப்பு ‘எம்பஸி ரேட்’. ‘ஆள் கேட்டுக் கடிதம் கொடுக்கும்போது உங்கள் தூதரகம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்கிறது, நாங்கள் அவ்வளவு போடுகிறோம். வங்காளிக்குக் கேட்கிறவர்கள் குறைத்துத்தான் கேட்கிறார்கள். அதுக்கு நான் என்ன பண்ண?’ என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. 1,100-க்கும் 750-க்கும் இடையில் இருக்கும் 350 ரியாலை அரபி முதலாளி கண்டுபிடிக்கவில்லை. டெல்லியும் டாக்காவும் காத்மாண்டுவும் இஸ்லாமாபாத்தும் தனித்தனியாக உட்கார்ந்து, அடுத்தவர் என்ன கேட்கிறார் என்று எட்டிப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் இறக்கி எழுதிய எண்கள் அவை. இரண்டு வருஷ அக்ரிமெண்டுக்கு அந்த வித்தியாசம் 8,400 ரியால். ஒரு வங்காளிக் குடும்பத்துக்கு அது வீட்டுக்கு மேல் தகரக் கூரை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க உங்களுக்கு இடமில்லாமல் இல்லை. கொழும்பு புராசஸ் என்று ஓர் அமைப்பை 2003-ல் நீங்களே கொழும்பில் கூடித் தொடங்கினீர்கள். இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா என்று இப்போது 12 நாடு. எல்லாம் ஆளை அனுப்புகிற நாடுகள். ஆளை வாங்குகிற நாடுகளோடு சேர்ந்து பேச 2008-ல் அபுதாபி டயலாக் என்று இன்னொன்றும் வந்தது. இதில் சேராத ஒரு முயற்சியும் உண்டு: 2014 நவம்பரில் காத்மாண்டுவில் கூடிய சார்க் மாநாட்டின் பிரகடனத்தில், தெற்காசியாவிலிருந்து வெளியே வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக ஒத்துழைப்போம் என்று ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய அடுத்த மாநாடு நடக்கவில்லை. அதற்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு நடக்கவே இல்லை. அந்தப் பத்தி அங்கேயே கிடக்கிறது. சரி, சார்க்கை விடுங்கள், இந்தியாவும் பாகிஸ்தானும் பேசிக்கொண்டால்தான் அது நகரும். கொழும்பு புராசஸில் அந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. 2024-ல் அதன் தலைமைப் பொறுப்பு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. அதனால்தான் இந்த மடலை இந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

கூட்டங்களில் நீங்கள் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. திறன் சான்றிதழை நாடுகள் ஏற்றுக்கொள்வது, நேர்மையாக ஆள் எடுப்பது, போகும் முன் பயிற்சி கொடுப்பது, பணம் அனுப்பும் செலவைக் குறைப்பது என்று தலைப்பெல்லாம் நல்ல தலைப்புதான். ஆனால் சம்பளம் என்ற சொல் மேஜைக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் உங்கள் போட்டியாளர்.

போட்டி எப்படி நடந்தது என்பதற்கு ஒரு கதை போதும். வீட்டு வேலைக்குப் போகிற தன் நாட்டுப் பெண்களுக்கு மாதம் 400 டாலருக்குக் குறையக் கூடாது என்று பிலிப்பைன்ஸ் 2006 கடைசியில் ஒரு விதி போட்டது. இந்தோனேசியாவும் தன் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து நிபந்தனைகளை இறுக்கியது. 2011 ஜூலையில் சவூதி அரேபியா என்ன செய்தது? இந்த இரண்டு நாட்டு வீட்டு வேலைக்காரர்களுக்கும் விசா கொடுப்பதை நிறுத்திவிட்டு, வேறு நாடுகளில் ஆள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. அந்த வேறு நாடுகளில் நீங்களும் உண்டு. பிலிப்பைன்ஸ் தாக்குப்பிடித்தது. 2013-ல் சவூதியோடு ஒப்பந்தம் போட்டு 1,500 ரியாலை வாங்கியது, அது அந்த 400 டாலரேதான். இரண்டு வருஷம் கழித்து, 2015 பிப்ரவரியில் வங்கதேசம் தன் பெண்களை அனுப்ப அதே சவூதியோடு ஒப்பந்தம் போட்டபோது பேசிய தொகை 800 ரியால். கழுவும் பாத்திரம் ஒன்று, துடைக்கும் தரை ஒன்று, தூங்கப் போகும் நேரமும் ஒன்று. ரியால் மட்டும் பாதி.

வங்கதேசத்தை மட்டும் சொல்லிவிட்டு இந்தியாவை விட்டால் ஓரவஞ்சனை ஆகும். 2020 செப்டம்பரில், கொரோனாவில் கேம்புகள் காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில், வளைகுடாவுக்குப் போகும் இந்தியத் தொழிலாளிக்கான குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை இந்திய அரசே 30-லிருந்து 50 சதவீதம் வரை குறைத்தது. வேலைவாய்ப்பைக் காப்பாற்றத்தான் என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பு வந்து, வழக்கும் போய், 2021 ஜூலையில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பத்து மாதத்தில் என் பழைய கேம்பிலிருந்து ஒரு வெல்டர் போன் பண்ணினார், எங்கள் பக்கத்துப் பையன்தான். வெல்டிங்கில் பன்னிரண்டு வருஷ அனுபவம். கம்பெனிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, ‘உங்க கவர்மெண்டே இப்ப ரேட்டைக் குறைச்சிடுச்சு, நீயும் புது அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடு’ என்றார்களாம். இந்தியா இறக்கினால் நேபாளம் தன் ரேட்டை எந்த முகத்தோடு உயர்த்திக் கேட்கும்? நேபாளம் ரேட்டை ஏற்றினால் ஏஜெண்ட் பாட்னாவுக்கு வருவான். இந்தியா ஏற்றினால் ஏஜெண்ட் வங்கதேசத்துச் சிலெட்டுக்குப் போவான். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் கூடப் போட்டி போடுகிறவர்கள்தான், ஆனாலும் மினிமம் சார்ஜ் என்று ஒன்றைத் தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்கள்.

வாங்குகிற நாடுகள் எப்படி ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். என் சித்தப்பா மகன் ஒருவன் பிளம்பர். விசா வந்து, மெடிக்கலுக்குச் சென்னை போனான். காம்கா மெடிக்கல் என்றுதான் ஊரில் இன்னமும் சொல்வோம், இப்போது வாஃபித் என்று பெயர். வளைகுடா நாடுகள் சேர்ந்து அங்கீகரித்த ஆய்வகங்கள் அவை. சட்டையைக் கழற்றி, மூச்சை இழுத்துப் பிடி என்று நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயதில் அவனுக்கு டிபி வந்து, அரசு மருத்துவமனை மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டுச் சுத்தமாகக் குணமானவன். மூட்டை தூக்கி, மாடி ஏறி வேலை பார்க்கிறவன். ஆனால் நுரையீரலில் பழைய தழும்பு ஒன்று, கடுகு அளவு. கம்ப்யூட்டரில் ‘அன்ஃபிட்’ என்று ஏறியது. ஒரு நாட்டுக்குத்தானே போச்சு, இன்னொரு நாட்டுக்குப் பார்க்கலாம் என்று மறுபடி விசா தேடினான். அங்கேயும் பெயரைத் தட்டியதும் அதே வார்த்தை. அந்தத் தழும்பைப் பற்றி வளைகுடாவில் ஒரு நாட்டுக்குத் தெரிந்தால் எல்லா நாட்டுக்கும் தெரியும்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். தொழிலாளியை ஏமாற்றிய வெளிநாட்டு முதலாளிகளின் பெயர்களை இந்திய அரசு தன் இ-மைக்ரேட் தளத்தில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. முன் அனுமதிப் பட்டியல் என்பார்கள். அதில் பெயர் ஏறிவிட்டால் அந்த முதலாளி இந்தியாவில் சுலபமாக ஆள் எடுக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தியாவில் கதவு மூடிய அன்றைக்கே அவன் காத்மாண்டுவில் போய் நிற்கலாம். அங்கே நாலு பேரின் சம்பளத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகலாம். நீங்கள் ஒவ்வொருவரும் எழுதிவைத்திருக்கும் பட்டியலை ஒன்றாகச் சேர்த்து ஒரே இடத்தில் போட எத்தனை டாலர் செலவாகும்? ஒரு மாநாட்டின் மதிய விருந்துச் செலவுகூட ஆகாது. என் தம்பியின் நெஞ்சுத் தழும்பு வளைகுடா முழுக்கத் தெரிகிறது. சம்பளம் கொடுக்காத முதலாளியின் முகம் பக்கத்து நாட்டுக்குத் தெரியவில்லை.

தடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெண்கள் விஷயம் என்றாலே உங்கள் கை தடை உத்தரவுக்குத்தான் போகிறது. 2005-ல் திருகோணமலை மாவட்டத்து மூதூரிலிருந்து ஒரு தமிழ் பேசும் முஸ்லிம் பெண் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வயது 17. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். அவள் பொறுப்பில் விட்ட குழந்தை இறந்துபோக, கொலைக் குற்றம் சுமத்தி, 2013 ஜனவரியில் தலையை வெட்டினார்கள். இலங்கை உலுக்கப்பட்டது. சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக 25 வயது ஆக வேண்டும் என்றார்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் தாய்மார் போகக் கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். நேபாளம் 2017-ல் பெண்களை வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதையே நிறுத்தியது. இந்தியா, 30 வயதுக்குக் குறைந்த பெண்கள் போகக் கூடாது, போகிறவர்களும் அரசு முகவாண்மை வழியாகத்தான் போக வேண்டும் என்றது.

நோக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவில் இருப்பது திறந்த எல்லை. காத்மாண்டு விமான நிலையத்தில் நிறுத்தினால் அந்தப் பெண் பஸ் ஏறி டெல்லி வருகிறாள். 2018-ல் டெல்லியின் விடுதி அறைகளிலிருந்து நேபாளப் பெண்களைக் கூட்டம் கூட்டமாக மீட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் விசிட் விசாவில் போகிறார்கள், போய் இறங்கினபின் விசா மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜெண்ட் சொல்லிவிடுகிறான். நேர்வழியில் போனவளுக்கு ஓர் ஒப்பந்தக் காகிதமாவது இருந்தது. சுற்றுவழியில் போனவளுக்கு அதுவும் இல்லை. எந்தத் தூதரகத்திலும் அவள் பெயர் இல்லை. தடை போட்ட நாடு, ‘நாங்கள் அனுப்பவில்லையே’ என்கிறது. வழி கொடுத்த நாடு, ‘எங்கள் குடிமகள் இல்லையே’ என்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பேப்பரில் எழுதியிருந்தால் இவ்வளவு இல்லை.

நீங்கள் தனித்தனியாக அழுத்தம் கொடுத்தபோதே சில நல்லது நடந்திருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2018 மே மாதம் நேபாளம் மலேசியாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தி, அக்டோபரில் ஒப்பந்தம் போட்டது. விமான டிக்கெட், விசா, மெடிக்கல் எல்லாச் செலவும் முதலாளி தலையில். அதே 2018-ல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் ஃப்ரீசரில் கிடைத்தபின் மணிலா கோபப்பட்டு, பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கக் கூடாது, தொழிலாளி கையில் போன் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியது. ஆனால் 2023-ல் திரும்பவும் மோதல் வந்தபோது குவைத் பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் புது விசாவையே நிறுத்திவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் குவைத் வீடுகளில் பாத்திரம் கழுவாமல் கிடந்ததா? இல்லை. உங்களில் யாரோ ஆள் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்.

‘இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது, பல நாடு சேர்ந்து ஒரு சம்பளம் குறிப்பது எங்கும் கிடையாது’ என்று ஒரு செயலாளர் சொல்லுவார். உண்டு. தூத்துக்குடிக்குப் போய்க் கேளுங்கள். கப்பலில் வேலை பார்க்கும் மாலுமிகளுக்கு, கப்பல் முதலாளிகளும் மாலுமிச் சங்கங்களும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஓர் அடிமட்டச் சம்பளத்தை டாலரில் குறிக்கிறார்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை உயர்த்துகிறார்கள். அந்தத் தொகையில் பாஸ்போர்ட்டின் நிறத்துக்கு இடமில்லை. 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இந்தியா, வங்கதேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா எல்லாமே சேர்ந்திருக்கின்றன. எல்லாக் கப்பலிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க ஓர் எண் இருக்கிறது. கப்பலில் கயிறு கட்டுகிறவனுக்கு முடிந்தது, கரையில் கம்பி கட்டுகிறவனுக்கு ஏன் முடியாது?

கத்தார் இன்னொரு உதாரணம். 2021 மார்ச்சிலிருந்து அங்கே எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்காத முதலாளி அதற்கு 500-ம் 300-ம் சேர்த்துத் தர வேண்டும். உலகக் கோப்பைக்காக உலகமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் வந்தது, இல்லையென்றால் வந்திருக்குமா என்பது வேறு விஷயம். 1,000 ரியால் என்பது தாராளமான தொகையும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தில் நாட்டின் பெயர் இல்லை. வாங்குகிற நாடு ஒன்றே அழித்துவிட்ட கோட்டினை, அனுப்புகிற நாடுகள் இன்னும் பேனாவால் தடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, உயர்த்திக் கேட்டால் அவர்கள் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் போய்விடுவார்கள் என்பீர்கள். பொய்யில்லை. ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் கிளம்பும் வருஷம் எங்கள் கேம்ப் வாசல் செக்யூரிட்டி முழுக்க உகாண்டாக்காரர்கள். ஆனால் நாற்பது மாடிக்குச் சாரம் கட்டவும், ஐம்பது டிகிரி வெயிலில் ஷட்டரிங் அடிக்கவும், இத்தனை லட்சம் பழகிய கைகளை ஒரே வருஷத்தில் வேறு எங்கிருந்தும் கொண்டுவந்துவிட முடியாது. அந்த நாலைந்து வருஷ அவகாசம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் ஆப்பிரிக்க நாடுகளையும் உங்கள் மேஜைக்குக் கூப்பிட வேண்டியதுதான். நேபாளியின் கையைப் பிடித்து இழுத்து இறக்கியபடியே நாம் பிழைத்தோம். அடுத்து உகாண்டாக்காரன் நம் கையைப் பிடிப்பான்.

ஏஜெண்ட் காசைப் பற்றி நீளமாக எழுத நினைத்திருந்தேன். இரண்டு வரியில் முடிக்கிறேன். இந்தியச் சட்டப்படி ஏஜெண்ட் வாங்கலாம் என்பது 30,000 ரூபாயும் வரியும். நேபாளம் 2015-லேயே இலவச விசா, இலவச டிக்கெட் என்று அறிவித்தது. வங்கதேசத்தின் புள்ளிவிவரத் துறையே 2020-ல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அங்கிருந்து வெளிநாடு போகிறவர் சராசரியாகச் செலவழித்தது 4 லட்சத்து 16 ஆயிரம் டாக்கா, பதினேழு மாதச் சம்பளத்துக்கும் மேல். எங்கள் கேம்பில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவரும், மிக அதிகக் கடனோடு வந்தவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தூதரக அதிகாரிகள் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பதினொரு வருஷத்தில் எங்கள் கேம்புக்கு ஒரு நாட்டுத் தூதரகத்து லேபர் அதிகாரி ஒருமுறை வந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தன் நாட்டுக்காரர்கள் இருந்த அறைகளில் ஏசி ஓடுகிறதா, கட்டில் எத்தனை என்று நோட்டில் எழுதினார். நடுவில் இருந்த அறையில் வேறு நாட்டுக்காரர்கள். கதவு திறந்துதான் கிடந்தது. பதினாறு பேர், ஜன்னல் முழுக்க அட்டை அடைத்திருந்தது, பிளக் பாயிண்டில் ஒன்பது சார்ஜர். எட்டிப் பார்த்துவிட்டு, ‘இவங்க நம்ம லிஸ்டில் இல்லை’ என்று அடுத்த அறைக்குப் போனார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குக் கொடுத்த படிவம் அப்படி.

2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தில் மங்காஃப் கட்டடம் எரிந்தபோது எனக்கு அந்த அறைதான் நினைவு வந்தது. இறந்த இந்தியர்கள் குறைந்தது 45 பேர். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பிலிப்பைன்ஸ்காரர்களும் அதே கட்டடத்தில் இறந்தார்கள். விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கி, பெட்டிகளை வரிசையாக வைத்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை எந்த அறைக்குப் போவது என்று பாஸ்போர்ட்டைப் பார்க்காது. சோதிக்கப் போகிற அதிகாரி ஏன் பார்க்க வேண்டும்? உங்கள் நாடுகளில் பலவற்றுக்கு வளைகுடா நகரங்களில் லேபர் அதிகாரிகள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஆள் பற்றவில்லை என்கிறார்கள். ஒருவர் ஒரு கேம்புக்குள் போனால் எல்லா அறையையும் பார்த்து எழுதட்டும். மற்ற நாட்டுத் தூதரகத்துக்கு அந்தத் தாளின் நகல் போகட்டும். அந்தந்த ஊர் அரசின் அனுமதியோடுதான் உள்ளே போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நகல் எடுக்க அதே அனுமதி போதும்.

ஆக, நான் கேட்பது என்ன என்று நீங்கள் கேட்டால், முதலில் அந்த முதலாளிகள் பட்டியல், அடுத்து இந்த நகல். இரண்டுக்கும் யாரிடமும் பேரம் பேச வேண்டாம், உங்களுக்குள் ஒரு கடிதப் போக்குவரத்து போதும். மூன்றாவது கடினமானது: கம்பி கட்டுபவர், தச்சர், கொத்தனார், வீட்டு வேலை என்று நாலு தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே எந்தத் தூதரகமும் கையெழுத்துப் போடாது என்று 12 பேரும் ஓர் எண்ணை எழுதிவையுங்கள். முதல் வருஷம் அது குறைந்த எண்ணாகவே இருக்கட்டும், சண்டை வேண்டாம். எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் போதும். அப்புறம், விசாவை முடித்து எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பப்பட்டவன் பாக்கிச் சம்பளத்துக்கு ஊரிலிருந்தே வழக்குப் போட ஒரு வழி. 2020-ல் எத்தனை பேர் செட்டில்மெண்ட் இல்லாமல் விமானம் ஏறினார்கள் என்பதை டைம்ஷீட் எழுதியவர்கள் அறிவார்கள். ஒரே கம்பெனி மேல் நாலு நாட்டிலிருந்து நாற்பது பேர் தனித்தனியாக அழுவதற்குப் பதில், அந்தப் புகார்கள் ஒரே கட்டாக அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகட்டும்.

அந்த சிராஹாக்காரரோடு எனக்கு இன்னும் தொடர்பு உண்டு. தசைன் பண்டிகைக்கு அவர் போன் பண்ணுவார், பொங்கலுக்கு நான். முழங்கால் தேய்ந்து ஊரோடு உட்கார்ந்துவிட்டார். போன மாதம் வழக்கத்துக்கு மாறாகக் கூப்பிட்டார். மகனுக்கு விசா வந்திருக்கிறது, கம்பி வேலைக்குத்தான், நாங்கள் இருந்த அதே நாட்டுக்கு. அக்ரிமெண்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், பெரிதுபடுத்திப் படித்தேன். கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம்.

‘பாய், உங்க ஊர்ப் பையன்களுக்கு இப்ப எவ்வளவு போடுறாங்க?’

விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தீபாவளி கழித்துக் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் டைம்கீப்பர்
சிவகங்கை மாவட்டம்